சைகஸ் குருத்தும் குட்டி நீலனும்: பெங்களூரு மாடியில் முட்டை முதல் பறக்கும் வரை

நீலன்கள் (ப்ளூஸ்) எனப்படும் குட்டி வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றை முட்டையிலிருந்து பறக்கும் வரை வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்று பெங்களூரில் யார் கேட்டாலும், பிளைன்ஸ் க்யூபிடில் ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். பனை மாதிரித் தெரியும் அலங்காரச் செடியான சைகஸ் ஒரு தொட்டியில் இருந்தால் அதுவே தேடி வரும்.

அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். அக்கம்பக்கத்தில் பலருக்குச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். தடுக்கி விழுகிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள்: பூச்சியைப் பார்க்கிறார்கள், செடியைப் பார்ப்பதில்லை. இந்தப் பூச்சியின் காலண்டர் சைகஸ் குருத்துதான். அதனால் கீழே உள்ள வரிசையும் செடியில்தான் ஆரம்பிக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

தேவையானவை: ஒரே அளவில் இரண்டு சைகஸ் தொட்டிகள், பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், இரண்டு மீட்டர் கொசுவலைத் துணி, மெல்லிய வாட்டர்கலர் பிரஷ், ஒரு நோட்டு. இரண்டு தொட்டி ஏன் என்பது நான்காம் படியில் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் பரவாயில்லை, ஆரம்பிக்கலாம்.

1. யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிளைன்ஸ் க்யூபிடின் அறிவியல் பெயர் லூத்ரோடிஸ் பாண்டவா. பழைய புத்தகங்களில் சிலாடிஸ் பாண்டவா என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், பேரினம் மட்டும் மாறியிருக்கிறது. தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் பாதித் தகவல் கண்ணில் படாது.

லூத்ரோடிஸ் பேரினத்தில் நம் பக்கம் இருக்கும் இன்னொரு பூச்சி ஸ்மால் க்யூபிட். அது வறண்ட முள்காட்டுப் பூச்சி, வேல மர வகைகளில் வளரும். மாடித் தோட்டத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். சிலாடிஸ் பேரினத்திலேயே நின்றுவிட்ட லைம் ப்ளூ எலுமிச்சைக் கொழுந்தில் வளரும். வீட்டில் எலுமிச்சைச் செடி இருந்தால் அதுவும் வந்து போகும்.

ஆக, செடியைப் பார்த்தே பாதி அடையாளம் சொல்லிவிடலாம். சைகஸ் கொழுந்தைத் தின்னும் நீலன் புழு நம் ஊரில் கண்ணில் பட்டால், அது பிளைன்ஸ் க்யூபிட் என்றே எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாம். முழு உறுதி பறக்கும் பருவத்தில் கிடைக்கும்.

2. செடி வாங்கும்போது கேட்க வேண்டியது

லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் சைகஸ் எப்போதும் கிடைக்கும். 'சாகோ பாம்' என்றும் சொல்வார்கள். பெயரில் பாம் இருந்தாலும் இது பனை வகை இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது சைகஸ் ரெவலூட்டா: விறைப்பான கரும்பச்சை மட்டை, ஊசி போன்ற சிற்றிலை, இலையோரம் கீழ்ப்பக்கமாக மடங்கியிருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையின் மதனகாமப்பூ மரம், அதாவது சைகஸ் சர்சினாலிஸ், கிடைத்தால் அதுவும் சரிதான். ஆனால் அது பெரிதாக வளரும், தொட்டியில் அடங்காது.

நர்சரியில் இரண்டே கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்? மண்ணில் ஊற்றும் மருந்தா, இலையில் தெளிக்கும் மருந்தா? வேர் வழியாக ஏறும் மருந்து செடிக்குள் பல வாரம் தங்கும். அந்தச் செடியில் முட்டை பொரிந்தாலும் புழு முதல் கடியிலேயே செத்துவிடும். சரியான பதில் வரவில்லையா, புதுக் குருத்து இல்லாத செடியாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்த குருத்து வர எப்படியும் மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் மருந்தின் வீரியம் குறைந்துவிடும்.

குருத்தோடு நிற்கும் செடி பார்க்க அழகாக இருக்கும், புதியவர்கள் கை தானாக அதற்குத்தான் போகும். அதை வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பதற்குள் குருத்து முற்றிவிடும். மருந்து அடித்த குருத்தாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைகஸ் முழுவதும் நஞ்சு, விதை மிகவும் மோசம். வீட்டில் நாய் இருந்தாலோ, கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தாலோ, தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். நாய் மென்றுவிட்டால் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். மட்டையின் நுனிகளும் குத்தும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

3. தொட்டியை எங்கே வைப்பது

காலை வெயில் நேராக விழும் இடம் வேண்டும். இந்தப் பூச்சிகள் வெயிலில்தான் சுறுசுறுப்பாகப் பறக்கும். நிழலில் வைத்த தொட்டியைத் தாய்ப்பூச்சி கண்டுகொள்ளாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செடிக்கும் வெயில் நல்லது.

பக்கத்தில் தேன் வேண்டும். குட்டி உறிஞ்சுகுழல் கொண்ட பூச்சி இது, செம்பருத்தி மாதிரி ஆழமான பூ இதற்கு உதவாது. வெட்டுக்காயப்பூண்டு, துளசி, பூக்க விட்ட கொத்தமல்லி, இவை போதும். வெட்டுக்காயப்பூண்டு தானாக முளைக்கும் களை. அதைப் பிடுங்காமல் விடுவதுதான் உங்கள் வேலை. எங்கள் மாடியில் உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்றில் அது மட்டும்தான் இருக்கிறது, நீலன்கள் அதிகம் உட்காருவதும் அங்கேதான்.

தண்ணீர்: மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். அடியில் தேங்கினால் சைகஸ் அழுகிவிடும்.

4. குருத்துக்குக் காத்திருங்கள், தேதியைக் குறியுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் தொங்குகிறது.

தென்னை, பனை மாதிரி ஒவ்வொரு மட்டையாக சைகஸ் விடாது. பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரே நேரத்தில் வட்டமாக எல்லாக் குருத்தையும் தள்ளும். பெங்களூரில் ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழைக்குப் பிறகு இதை எதிர்பார்க்கலாம். நன்றாக வளர்ந்த செடி மழைக்காலக் கடைசியில் இன்னொரு முறையும் விடுவதுண்டு.

முதல் அறிகுறி நடு உச்சி உப்புவது. பழுப்பு நிறப் பஞ்சு மாதிரி ரோமம் மூடிய முனைகள் எட்டிப் பார்க்கும். அடுத்த சில நாளில் வெளிர்பச்சை மட்டைகள் நிமிரும். அவற்றின் சிற்றிலைகள் கடிகாரச் சுருள் மாதிரி சுருண்டிருக்கும். இந்தச் சுருள் தெரியும் நாளை நோட்டில் 'முதல் நாள்' என்று எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், புழுவால் மெல்லிய கொழுந்தை மட்டும்தான் தின்ன முடியும். சிற்றிலை விரிந்து, கரும்பச்சை ஏறி, தோல் மாதிரி ஆனதும் அதற்குப் பல் இறங்காது. மென்மையாக இருக்கும் காலம் என் தொட்டிகளில் மூன்று வாரத்துக்குள்தான். முட்டை பொரிய இரண்டு மூன்று நாள், புழு வளர்ந்து முடிய பத்து நாள் அளவு. கூட்டிப் பாருங்கள்: முதல் வாரத்தில் வைத்த முட்டை தப்பிக்கும், பத்தாம் நாளுக்கு மேல் வைத்த முட்டைக்கு ஆபத்து. கடைசியில் பொரிந்த புழுக்கள் முற்றிய இலையில் ஊர்ந்து ஊர்ந்து பட்டினியில் சாவதைப் பார்த்தால் மனது கேட்காது. அதைத் தவிர்க்கத்தான் இந்தத் தேதி.

இரண்டாவது தொட்டிக்கு இப்போதுதான் வேலை. பாண்டவாவின் புழுக்கள் ஒரு குருத்து வட்டத்தை முழுசாகத் தின்று தீர்த்துவிடும். வளர்ந்த செடி ஒருமுறை தாங்கும். தொடர்ந்து ஒவ்வொரு முறையும் குருத்து போனால் செடி நலிந்துவிடும். குவாம் தீவுக்கு இந்தப் பூச்சி 2005-இல் போய்ச் சேர்ந்தபோது, அந்த மண்ணுக்கே உரிய சைகஸ் மரங்கள் இதன் கடியில் மிகவும் அடிபட்டன. அதனால் ஒரு தொட்டியைத் திறந்து விடுங்கள். மற்றதை முதல் நாளிலேயே கொசுவலையால் மூடிக் கட்டுங்கள். அடுத்த முறை இடம் மாற்றுங்கள். ஒரே தொட்டிதான் என்றால், ஒரு குருத்தைப் பூச்சிக்கும் அடுத்த குருத்தைச் செடிக்கும் விடுங்கள்.

வலை கட்டும் முன் ஒவ்வொரு மட்டையையும் லென்ஸில் பாருங்கள். முட்டையை உள்ளே வைத்து வலை கட்டினால், பல்லியிடமிருந்தும் பறவையிடமிருந்தும் புழுவைப் பாதுகாத்து, காப்பாற்ற நினைத்த செடியையே அதற்கு இரையாக்கியது மாதிரி ஆகிவிடும்.

5. முட்டையைக் கண்டுபிடியுங்கள்

வெயில் ஏறிய பிறகு, ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டுக்குள் தொட்டி அருகே உட்காருங்கள். தாய்ப்பூச்சியின் நடத்தையே வேறு. தேனுக்கு வந்த பூச்சி பூவுக்குப் போகும். முட்டையிட வந்தது குருத்தைச் சுற்றிச் சுற்றி வரும், உட்காரும், உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும், நகரும், வயிற்றை வளைத்துச் சுருளின் இடுக்கில் நுழைக்கும். நொடிக்கணக்கில் முடிந்துவிடும். எந்த மட்டை என்று மனதில் வைத்துக்கொண்டு, அது போன பிறகு பாருங்கள்.

முட்டை கசகசாவில் பாதி அளவு. வெளிர்பச்சை கலந்த வெள்ளை, மேலே லேசாக அமுங்கிய தட்டை வட்டம். லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் சின்னச் சின்ன வலைக்கண்கள் தெரியும்.

எல்லோரும் ஏமாறுவது செதில்பூச்சியில். சைகஸில் வெள்ளைச் செதில்பூச்சி சகஜம். 'அக்கா, நூறு முட்டை இருக்கு!' என்று கீழ் வீட்டுத் தம்பி ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தான். போய்ப் பார்த்தால் அத்தனையும் செதில்.

வித்தியாசம் எளிது. செதில் பெரும்பாலும் முற்றிய இலையில் அப்பிக் கிடக்கும், ஒழுங்கில்லாத வடிவம், நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். முட்டை இளம் குருத்தில் மட்டும் இருக்கும், வட்டம் தப்பாது. சந்தேகம் வந்தால் சுரண்டாதீர்கள், மூன்று நாள் பொறுங்கள். முட்டையாக இருந்தால் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும்.

முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டாம். ஒட்டியிருப்பதைப் பிரித்தால் நசுங்கிவிடும்.

6. புழுவையும் எறும்பையும் சேர்த்துப் பாருங்கள்

பொரிந்த புழு ஒரு கோடு மாதிரிதான் இருக்கும். அதைத் தேடாதீர்கள், அது சுரண்டிய தடத்தைத் தேடுங்கள்: வெளிர்பச்சைச் சுருளில் பழுப்புக் கீறல், பக்கத்தில் தூள் தூளாய் எச்சம். நான்கைந்து நாளில் புழுவே தெரியும். வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தட்டையான உடல், தலை உள்ளே மறைந்திருக்கும். நிறம் ஒன்றுபோல் இருக்காது: பச்சை, செம்பழுப்பு, ஊதா கலந்த சிவப்பு எல்லாம் ஒரே மட்டையில் வரும். மூன்று நிறத்தைப் பார்த்து மூன்று இனம் என்று எழுதிவிட வேண்டாம்.

அப்புறம் எறும்பு. புழு வளர வளர எறும்பு வரும். புழுவைச் சாப்பிட வந்திருக்கிறது என்று பயந்து, செடியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு போடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.

லென்ஸை எடுத்துப் புழுவின் பின்பக்கத்தைப் பாருங்கள். எறும்பு தன் உணர்கொம்பால் அந்த இடத்தை மெல்ல, விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் முதுகின் பின்பகுதியில் ஒரு பிளவிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு துளி எழும். எறும்பு அதைக் குடிக்கும். துளி மறைந்ததும் மறுபடியும் தட்டும். அந்தப் பிளவுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும், வெள்ளைக் குஞ்சம் மாதிரி இரண்டு உறுப்பு சட்டென்று வெளியே வந்து உள்ளே போகும். எறும்பு பரபரப்பாகி அங்கும் இங்கும் ஓடும். இதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. மாடி வெயிலில் முக்கால் மணி நேரம் குனிந்தே நின்றிருக்கிறேன்.

இனிப்புத் துளிக்குக் கூலியாக எறும்பு காவல் நிற்கிறது. புழுவின் உடலில் முட்டையிட வரும் குளவிகளையும் ஈக்களையும் விரட்டுகிறது. எறும்பை ஒழித்தால் காவல் போய்விடும். எறும்பு வீட்டுக்குள் வருகிறது என்று கவலையா, தொட்டியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள், போதும்.

புதியவர்களுக்கு எறும்பு இன்னொரு உதவியும் செய்யும். புழு கண்ணில் படவில்லை என்றால், குருத்தில் எறும்பு கூடி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அடியில் புழு இருக்கும்.

இந்தப் படியில் நான் பட்ட ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம், தோழி ஒருத்தியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சைகஸ், எல்லாம் ஒரே நேரத்தில் குருத்து. இருபதுக்கு மேல் புழு எண்ணி எழுதியிருந்தோம். மறுநாள் போனால் எல்லாம் சுருண்டு கிடந்தன. 'ஹுள பந்திதே' (புழு வந்திருக்கு) என்று யாரோ புகார் சொல்ல, தோட்டக்காரர் மருந்து அடித்துவிட்டார். அவர் மேல் தவறில்லை, யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. பொது இடத்துச் செடியில் இதைச் செய்தால் முதல் நாளே தோட்டக்காரரிடமும் அசோசியேஷனிலும் பேசுங்கள். எந்தச் செடி, எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லி, செடியில் ஒரு அட்டை கட்டுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள். 'மூன்று வாரம் மட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

7. டப்பாவில் வளர்க்கலாமா?

செடியிலேயே விடுவதுதான் நல்லது. இரண்டே காரணத்துக்கு டப்பா பிடிக்கலாம்: குருத்து முற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் பக்கத்தில் இளங்குருத்து உள்ள வேறு செடி இருக்கிறது; அல்லது நாளை மருந்து அடிக்கப் போகிறார்கள்.

டப்பாவின் மூடிக்குப் பதில் கொசுவலை, அடியில் டிஷ்யூ. புழுவைக் கையால் எடுக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் சிற்றிலையோடு நறுக்கி வையுங்கள். வேறு வழியில்லை என்றால் பிரஷ். தினமும் காலையில் எச்சத்தைத் தட்டி, புதுக் கொழுந்து வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், அதனால் கழுவிய இலையைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

பெரிய தவறு: கொழுந்து தீர்ந்ததும் அதே செடியின் பழைய இலையை வெட்டிப் போடுவது. 'இலை வச்சேனே அக்கா, ஏன் செத்துப்போச்சு?' என்று கேட்பார்கள். முற்றிய இலை அதற்கு இரையே இல்லை. கொழுந்துக்கு வழி இல்லாமல் டப்பாவைத் தொடாதீர்கள்.

லால்பாக், கப்பன் பூங்கா மாதிரி பொது இடத்திலிருந்து கொழுந்தோ புழுவோ எடுத்து வருவதும் கூடாது.

8. கூட்டுப்புழுவை விட்டுவிடுங்கள்

தின்பதை நிறுத்திய புழு நிறம் மங்கி, கீழ்நோக்கி இறங்கும். மட்டையின் அடிப்பகுதி, தண்டில் பழைய மட்டை வெட்டிய இடுக்கு, காய்ந்த சருகு, இங்கெல்லாம் கூட்டுப்புழு ஆகும். தலைகீழாகத் தொங்காது. பரப்பில் படுத்து, இடுப்பில் ஒரு பட்டு நூலால் தன்னைக் கட்டிக்கொள்ளும்.

ஆகவே இந்த வாரத்தில் தொட்டியைச் சுத்தம் செய்யாதீர்கள். சருகை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, புழு எங்கே போனது என்று தேடுபவர்கள் நிறைய.

ஒரு வாரம் அளவு ஆகும். டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னும் சில நாள் கூடும். கடைசி நாளில் தோல் வழியாகச் சிறகின் கருமை தெரியும். வெளியே வருவது பெரும்பாலும் காலையில். வந்ததும் ஏறி நின்று சிறகை விரிக்க ஒரு பிடிமானம் வேண்டும். டப்பா என்றால் உள்ளே ஒரு குச்சி சாய்த்து வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் வழுக்கி விழுந்த பூச்சியின் சிறகு மடங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு அது பறக்காது.

கூட்டிலிருந்து குளவியோ ஈயோ வந்தால் ஏமாற வேண்டாம். அதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

9. முதலில் அடிச்சிறகைப் படம் எடுங்கள்

சிறகு விரிந்து இறுக ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை பூச்சி எங்கும் போகாது, படம் எடுக்க அருமையான நேரம். எல்லோரும் நீலத்துக்காக மேல்சிறகு விரியக் காத்திருப்பார்கள். ஆணின் மேல்சிறகு ஊதா கலந்த நீலம், பெண்ணுக்கு ஓரம் அகலமாகக் கருமை. அழகுதான், ஆனால் இனத்தைச் சொல்லாது. நீலன்களில் இனம் சொல்வது அடிச்சிறகின் புள்ளிகள்.

செல்போனை மூடிய சிறகுக்கு இணையாக, பக்கவாட்டில் பிடியுங்கள். சாய்ந்தால் பாதிப் புள்ளி மங்கிவிடும். இந்த வரிசையில் பாருங்கள்:

வால் இருக்கிறதா? பின்சிறகில் நூல் மாதிரி, நுனி வெள்ளையாக ஒரு வால் இருக்க வேண்டும். வாலே இல்லாதது லைம் ப்ளூ. இங்கே கவனம்: உட்கார்ந்திருக்கும்போது பின்சிறகுகளை மேலும் கீழும் உரசும், வால் உணர்கொம்பு மாதிரி ஆடும், பக்கத்துப் புள்ளி கண் மாதிரி தெரியும். பல்லியும் பறவையும் அதைத் தலை என்று நினைத்துக் கடிக்கும். வால் பிய்ந்த பூச்சிகள் அதனால்தான் இவ்வளவு. இரண்டு பக்கமும் பாருங்கள், சிறகோரம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயதான பூச்சியை வால் இல்லை என்பதற்காக லைம் ப்ளூ கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

வாலருகே எத்தனை கரும்புள்ளி? ஆரஞ்சு சூடிய ஒரே புள்ளி மட்டும் இருந்து, முன்சிறகின் மேலோரத்தில் ஒரு தனிப் புள்ளியும் தெரிந்தால் ஃபர்கெட்-மீ-நாட் என்ற இன்னொரு நீலன் பக்கம் பாருங்கள்.

பின்சிறகின் அடியில், உடலுக்குப் பக்கத்தில்? வெள்ளை வளையமிட்ட நான்கு கரும்புள்ளிகள் குறுக்கு வரிசையாக இருந்தால் பிளைன்ஸ் க்யூபிட். அதிகம் குழப்பும் கிராம் ப்ளூவில் இந்த வரிசை இப்படி முழுமையாக இருக்காது.

அடிச்சிறகு முழுக்க அலை அலையாகப் பழுப்புக் கோடும், பின்சிறகில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டையும் இருந்தால் அது பீ ப்ளூ, அவரைக் குடும்பத்துச் செடிகளில் வளர்வது. வெயில் காலத்துப் பூச்சிகளில் கோடும் புள்ளியும் மங்கலாக இருப்பதுண்டு. அப்போது ஒரே படத்தை நம்பாமல் நாலைந்து எடுங்கள்.

10. பதிவு செய்யுங்கள்

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை ஒட்டி இயங்கும் 'பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா' தளத்திலோ ஐநேச்சுரலிஸ்டிலோ ஏற்றலாம். வளர்ந்த பூச்சியின் படங்கள் ஏராளமாக வருகின்றன. முட்டை, புழு, எறும்பு, உணவுச்செடி, இவற்றைத் தேதியோடு சேர்த்துத் தருகிறவர்கள் குறைவு. உங்கள் நோட்டின் மதிப்பு அங்கேதான். புழுவோடு இருந்த எறும்பையும் தனியாக ஒரு படம் எடுத்துச் சேருங்கள். செப்டம்பரில் நாடு முழுவதும் பிக் பட்டர்ஃப்ளை மன்த் கணக்கெடுப்பு நடக்கும், மழைக்காலக் குருத்து உங்களுக்கு அந்த நேரத்தில் வந்தால் விட்டுவிடாதீர்கள்.

இடத்தைப் பேட்டை அளவுக்கு எழுதினால் போதும், வீட்டு எண் வேண்டாம்.

11. செடிக்குச் செய்ய வேண்டியது

எல்லாப் பூச்சியும் பறந்த பிறகு திறந்த தொட்டியைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நரம்பு மட்டும் மிஞ்சிய மட்டைகளை உடனே வெட்டத் தோன்றும். பச்சை கொஞ்சம் இருந்தாலும் விட்டுவையுங்கள், செடி அதில்தான் உணவு செய்யும். பச்சையாக இருக்கும் பழைய மட்டைகளை இந்த முறை ஒன்றுகூட வெட்ட வேண்டாம். முழுக்கப் பழுப்பானதை மட்டும் எடுங்கள், அதுவும் அடியில் கூட்டுப்புழு இல்லை என்று பார்த்த பிறகு.

மண்ணின் மேல் இரண்டு கை மண்புழு உரம் போட்டு, வெயிலிலேயே வையுங்கள். வலைக்குள் இருக்கும் தொட்டியில் சிற்றிலையை விரலால் வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி மடங்கினால் இன்னும் கொழுந்து, வலை இருக்கட்டும். விறைத்து எதிர்த்தால் முற்றிவிட்டது, அன்றைக்கே வலையை அவிழ்க்கலாம். அவிழ்த்த தேதியையும், அடுத்த குருத்துக்கு வலை எந்தத் தொட்டிக்கு என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.